வெறுங்கை நெறி: கராத்தேப் பயிற்சியின் உட்பொருள்

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ஆந் திகதி, யப்பானின் தலைநகராகிய தோக்கியோவிலே ஒலிம்பிக் விழாவின் கராத்தே இறுதிப்போட்டியொன்று நிகழ்ந்தது. 75 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஆடவர் பிரிவு அது. சவூதி அரேபிய வீரர் தாரெக் ஹமேதி 4-1 என்னும் புள்ளிக்கணக்கில் முன்னின்றார். அவர் நாடு அதுகாறும் ஒலிம்பிக் பொற்பதக்கம் ஒன்றேனும் பெற்றறியாதது. அந்நிலையில் அவர் ஓங்கி வீசிய கால், எதிர்நின்ற ஈரானிய வீரர் சஜ்ஜாத் கஞ்ச்ஸாதேயைத் தாக்க, அவர் உணர்விழந்து வீழ்ந்தார். அவரைத் தூக்குகட்டிலில் வைத்து வெளியே கொண்டு சென்றனர். நடுவர் கூடி ஆராய்ந்தனர். பொற்பதக்கம் வீழ்ந்தவருக்கே அளிக்கப்பட்டது. உதைத்தவர் கட்டுப்பாடின்றித் தாக்கினார் என்பதே தீர்ப்பு.

குத்துச்சண்டையைக் கண்டு பழகிய கண்ணுக்கு இத்தீர்ப்பு விந்தையாகத் தோன்றும். அங்கே எதிரியை மயங்கி விழச்செய்வதே வெற்றியின் உச்சம். இங்கோ வீழ்த்தியவர் தோற்றார்; வீழ்ந்தவர் வென்றார். பதக்கம் எவர்க்குரியது என வழக்காடுவது நம் நோக்கமன்று. ஆயினும், இத்தகைய விதியொன்று எங்கிருந்து வந்தது, எதன்பொருட்டு வந்தது என வினவுவோமாயின், கராத்தே என்னும் கலையின் உயிர்நிலையை அணுகியவராவோம். அடிக்கக் கற்பிக்கும் கலைகள் உலகிற் பல. ஓங்கிய அடியை நிறுத்தக் கற்பிப்பதை நடுநாயகமாகக் கொண்டது இக்கலை. அதனையே ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

யப்பானின் தென்கோடியிலே, தாய்வான் தீவை நோக்கி வில்போல் வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டம் ரியூக்கியூ எனப்படும். அதனுட் பெரியது ஒக்கினாவா. நெடுங்காலம் அது தனியரசாய் விளங்கிற்று. சூரி நகரக் கோட்டையிலிருந்து மன்னர் ஆண்டனர். நாஹாத் துறைமுகத்திற் சீன வணிகம் செழித்தது. 1609இல் யப்பானியச் சத்சுமாக் குறுநில மன்னர் படையெடுத்து அதனைத் தமக்கு அடிப்படுத்தினர். 1879இல் யப்பானிய அரசு மன்னர் பதவியையே ஒழித்து, அந்நாட்டைத் தன் மாகாணங்களுள் ஒன்றாக்கிற்று. ஆயுதம் பறிக்கப்பட்ட உழவர் இரவில் மறைந்திருந்து தம் கைகளையே ஆயுதமாக்கினர் என்றொரு கதை எங்கும் வழங்குகின்றது. கதை அழகியதே. ஆனால், பெயர் தெரிந்த பழைய ஆசான்மாருட் பெரும்பாலார் உழவரல்லர், அரசசேவையிலிருந்த உயர்குடியினர். உள்ளூர்க் கைப்போர் மரபும், சீனத்துப் பூஜியன் மாகாணத்திலிருந்து வந்த போர்முறைகளும் அவர் கையிற் கலந்து வளர்ந்தன.

இவ்விடத்தே நம்மவர் ஒருவர் எழுந்து, காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மரன்றோ இக்கலையைச் சீனர்க்குக் கொடுத்தவர் என்று கேட்பார். 2011இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படமொன்றின் பின் இக்கேள்வி பெருகிவிட்டது. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளுள் ஒன்று அவரைப் பாரசீகத்தார் என்கின்றது. மற்றொன்று தென்னிந்தியர் என்கின்றது. இரண்டும் அவர் போர்க்கலை கற்பித்தார் எனச் சொல்லவில்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டினது. ஆதலின் அப்பெருமையை நாம் விட்டுவிடுதலே நன்று. மெய்யான தொடர்பு வேறோரிடத்தில் உளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இக்கலையை இன்றைய நிலைக்குக் கொணர்ந்தவர் பள்ளி ஆசிரியர்கள் என்பது இம்மலரைப் படிப்போர் சிறப்பாக அறியத்தக்கது. 1831இற் பிறந்த இத்தொசு ஆன்கோ என்பவர் சூரி மரபின் பேராசான். அதுகாறும் ஆசான் வீட்டுக் கொல்லையில் ஓரிருவர்க்கு மட்டும் மறைவாகச் சொல்லப்பட்டு வந்த கலையை, 1901 முதல் ஒக்கினாவாப் பள்ளிகளிற் பாடமாக்க வழிவகுத்தவர் அவர். சிறுவர்க்கெனப் பழைய பயிற்சிகளைப் பிரித்தும் எளிதாக்கியும் ஐந்து வரிசைகளை அமைத்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் 'பின்னான்'. அமைதி என்பது அதன் பொருள். அடிதடிப் பயிற்சிக்கு அமைதி எனப் பெயரிட்ட ஆசிரியரின் உள்ளக்கிடை ஆராயத்தக்கது.

1908இல் இத்தொசு கல்வி அதிகாரிகளுக்குப் பத்துக் கூறுகள் கொண்ட கடிதமொன்று வரைந்தார். இக்கலை பௌத்தத்திலிருந்தோ கொன்பூசியர் சமயத்திலிருந்தோ பிறந்ததன்று என முதலிலேயே அவர் தெளிவாக்கிவிடுகின்றார். ஒருவனோடு மோதி வெல்வதற்கென இதனைக் கொள்ளலாகாது, கள்வரும் முரடரும் எதிர்ப்படினும் இயன்றவரை தீங்கு செய்யாது விலகவேண்டும் என்ற கருத்தும் அங்கே உளது. அதே கடிதத்தில், பள்ளிப் பருவத்திலே இதனைப் பயின்றோர் பிற்காலத்தில் நல்ல படைவீரராவர் என்றும் சொல்கின்றார். அதற்குச் சான்றாக, வாட்டர்லூப் போரில் வென்ற வெலிங்டன் கோமகன் பள்ளி விளையாட்டுத்திடலைப் பற்றிக் கூறியதாக வழங்கும் செய்தியை எடுத்தாள்கின்றார்! ஆங்கிலேய அதிபர்மார் பரிசளிப்பு விழாக்களில் ஓயாது சொல்லிவந்த அச்செய்தி ஒக்கினாவாவிலும் ஒலித்தமை நமக்கு நகையையும் சிந்தனையையும் ஒருங்கே தருகின்றது. அடக்கமும் படைத்தொண்டும் ஒரே கடிதத்தில் அருகருகே நின்றன என்பதை மறவாதிருப்போமாக.

இத்தொசுவின் மாணாக்கருட் புகழ்பெற்றவர் புனகோஷி கிச்சின். 1868இற் சூரியிற் பிறந்தவர். பிறப்பிலேயே மெலிந்த உடலினர். மருத்துவம் கற்க அவாவினார். ஆனால் பழங்குடியினரின் குடுமியைக் களைந்தோரே கற்கலாம் என்று அரசு விதித்திருந்தது. குடும்பத்தாரோ குடுமியைக் களைய இசையவில்லை. ஆகவே அக்கல்வி கைகூடவில்லை. பின்னர் ஆசிரியத் தொழிலை ஏற்றபோது குடுமியைக் களைந்து பெற்றோரின் சினத்துக்கு ஆளானார். பகலிற் பள்ளியிற் கற்பித்தார், இரவில் விளக்கேந்தி நெடுவழி நடந்து அசாத்தோ ஆன்கோ என்னும் ஆசானின் வீட்டை அடைந்தார், விடியுமுன் திரும்பினார். இவர் இரவுதோறும் எங்கே சென்று வருகின்றார் என ஐயுற்ற அயலார், போகத்தகாத வீதிகளுக்கே போகின்றார் எனத் தம்முட் பேசிக்கொண்டனராம்.

அவ்விரவுகளில் நடந்தது யாது? கொல்லையிலே மாணாக்கர் ஒரே வரிசைப் பயிற்சியைச் செய்வார். ஆசான் திண்ணையில் நிமிர்ந்து அமர்ந்து நோக்குவார். இன்னும் ஒருமுறை என்பார். வாரங்கள் கழியும், மாதங்கள் கழியும், அடுத்ததற்குச் செல்ல இசைவு கிடையாது. 'தெக்கி' எனப்படும் மூன்று வரிசைகளிலே புனகோஷி ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தார். அவை இருபுறமும் கால்களை அகட்டி, குதிரை மேலமர்ந்தார்போல முழங்கால் மடக்கி, ஒரே கோட்டில் வலமும் இடமுமாகப் பெயர்ந்து செய்பவை. பாய்ச்சல் இல்லை, சுழற்சி இல்லை, காண்போர் கைதட்டுதற்கு யாதும் இல்லை.

இத்தகைய வரிசையைக் 'கத்தா' என்பர். தடுத்தல், குத்துதல், உதைத்தல், திரும்புதல் ஆகியவற்றை மாறா ஒழுங்கிற் கோத்து, எதிரியின்றித் தனியே நின்று செய்வது அது. புதிதாகச் சேர்ந்த சிறுவன் ஒரு கத்தாவை ஒரு கிழமையில் மனனஞ்செய்துவிடுவான். பின்பே இடர் தொடங்கும். முதலில் வருவது சலிப்பு. சலிப்பைக் கடந்தவனுக்குச் செருக்கு வரும். தான் அழகாகச் செய்கின்றோம் என்ற எண்ணம் தோன்றிய கணமே தோள் உயரும், மூச்சு மேலேறும். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் தோளைத் தட்டிவிட்டுப் போவார். இவ்வாறு ஈராயிரம் முறை, மூவாயிரம் முறை செய்கையில், உடலின் ஒவ்வோர் அசைவிலும் தன் மனநிலை எழுதப்பட்டிருப்பதை மாணாக்கன் தானே வாசிக்கத் தொடங்குகின்றான். நூல் வாசித்து ஒருவன் தன் குணத்தை அறிதல் அரிது. கத்தா அதனை அவனுக்குக் காட்டிக்கொடுத்து விடுகின்றது. தேவாரப் பண்ணை ஓதுவார் முன்னிருந்து ஆண்டுக்கணக்கிற் பயின்றவர்க்கு இது புதிதன்று.

நாஹா மரபில் 'சான்சின்' என்னும் கத்தா முதன்மை பெற்றது. மூன்று போர்கள் என்பது அதன் சொற்பொருள். பூசோ நகர் சென்று கற்றுவந்த ஹிகாவொன்னா கன்ரியோவும், அவர் மாணாக்கரும் கோஜூ-ரியூ மரபைத் தோற்றுவித்தவருமாகிய மியாகி சோஜூனும் (1888-1953) இதனையே அடித்தளமாகக் கொண்டனர். கால்களைச் சற்றே உள்நோக்கி ஊன்றி, உடலை இறுக்கி, அடிவயிற்றிலிருந்து மூச்சை நீளவிட்டு மெல்ல மெல்லச் செய்வது. அவன் செய்துகொண்டிருக்கையில் ஆசான் சுற்றிவந்து தோளிலும் முதுகிலும் தொடையிலும் அறைந்து பார்ப்பார். அறைக்கு அசையாதிருத்தல் மட்டும் போதாது. முகம் சுளிக்காமல், மூச்சு முறியாமல், கை போகும் வேகம் மாறாமல் இருத்தல் வேண்டும். பிறர் தரும் நோவை ஏற்றும் தன் நடை குலையாதிருத்தற்கு இதனினும் நேரிய பயிற்சியை யாம் அறியோம்.

இனி, இருவர் எதிர்நின்று பயில்வதைப் பார்ப்போம். இதற்குக் 'குமித்தே' என்று பெயர். தொடக்கநிலையில் ஒருவர் தாம் எங்கே குத்தப்போகின்றோம் என்பதை முன்னரே உரக்கச் சொல்லிவிட்டுக் குத்துவார். மற்றவர் தடுத்து எதிரடி கொடுப்பார். குத்து முழு விசையோடு வரவேண்டும். ஆனால் இலக்குக்கு ஒரு 'சுன்' முன்னதாக நிற்கவேண்டும். சுன் என்பது பழைய யப்பானிய அளவை. ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். மெதுவாகக் குத்தி நிறுத்துவது எவர்க்கும் எளிது. தூரத்தில் நின்று குத்தி எட்டாமற் போவதும் எளிது. எட்டக்கூடிய தூரத்தில் நின்று, கொல்லக்கூடிய விசையோடு விட்டு, தோலருகே நிறுத்துவதே அரிது.

இதன் பொறிமுறை சிந்திக்கத்தக்கது. குத்தும் கை தளர்ச்சியாகப் புறப்பட்டால்தான் விரையும். முடியும் கணத்தில் இடுப்பும் வயிறும் அக்குளும் ஒருங்கே இறுகி, உடனே தளரவேண்டும். அந்த இறுக்கமே அடிக்கு வன்மை தருவது. அதுவே கையை நிறுத்துவதும். ஆகவே நிறுத்தத் தெரியாதவனுக்கு உண்மையில் அடிக்கவும் தெரியாது. சினங்கொண்டவனுடைய தோளும் கழுத்தும் முன்னரே இறுகிவிடுகின்றன. அவன் கை தாமதித்துப் புறப்பட்டு, நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது சென்று இடிக்கின்றது. சினம் கூடாதென்று ஆசிரியர் அறவுரை கூறவேண்டியதில்லை. சினந்தவன் திறன் குறைந்து நிற்பதை அவன் தோழனின் வீங்கிய உதடே எடுத்துரைத்துவிடும். தோழனும் கண்ணிமையாது தன் முகத்தை அக்கைக்கு முன் நிறுத்துகின்றான். நாள்தோறும் ஒருவன் தன் மூக்கையும் பல்லையும் மற்றவனின் கட்டுப்பாட்டை நம்பி ஒப்படைப்பதனால் விளையும் நட்பு, பந்தாட்டக் குழுவின் நட்பினும் வேறானது. பயிற்சி தொடங்கும்போதும் முடியும்போதும் அவர்கள் ஒருவரையொருவர் வணங்குவது வெறுஞ் சடங்கன்று.

புனகோஷி 1922இல், கல்வி அமைச்சின் ஆதரவில் நிகழ்ந்த கண்காட்சியொன்றில் இக்கலையைக் காட்டுமாறு தோக்கியோவுக்கு அனுப்பப்பட்டார். யூடோவை நிறுவியவரும் சிறந்த கல்விமானுமாகிய கானோ ஜிகோரோ அவரைத் தம் பயிற்சிக்கூடத்திற்கு அழைத்து ஆதரித்தார். அங்கேயே தங்கிவிட்ட புனகோஷி, ஒக்கினாவா மாணவர் விடுதியொன்றில் முற்றம் பெருக்கியும் காவல் புரிந்தும் வயிறு வளர்த்துக்கொண்டு, அதன் விரிவுரைக் கூடத்திலே கற்பித்தார். 1924இல் கெய்யோப் பல்கலைக்கழகத்திற் கராத்தே மன்றம் தோன்றியது. அதே ஆண்டில் முதன்முறையாகக் கறுப்புப் பட்டி வழங்கினார். வெள்ளுடை, பட்டி, தரவரிசை யாவும் யூடோவிலிருந்து கடன் பெற்றவை. தொன்மை எனக் கருதி நாம் வியக்கும் கோலம் நூறாண்டு கண்டதே.

பெயரும் அவ்வாறே மாறிற்று. 'கரா' என்ற ஒலிக்கு யப்பானிய மொழியில் இரு பொருள் உண்டு: சீனத்துத் தாங் மரபு என்பது ஒன்று, வெறுமை என்பது மற்றொன்று. பழங்காலத்தில் சீனக்கை என்றே எழுதினர். வெறுங்கை என்று எழுதும் வழக்கம் 1905இலேயே ஓர் ஒக்கினாவா ஆசானிடம் காணப்படினும், அதனை நிலைநாட்டியவர் புனகோஷியே. 1936 ஒக்டோபர் 25இல் நாஹாவிற் கூடிய ஆசான்மாரும் அப்பெயரை ஏற்றனர். வெறுமை என்பதை ஆயுதமின்மை என்னும் அளவில் புனகோஷி நிறுத்தவில்லை. தன்னலமும் தீய எண்ணமும் ஒழிந்த உள்ளத்தின் நிலையென்றும், பௌத்தர் கூறும் சூனியதை என்றும் விரித்துரைத்தார். சூனியம் என்றவுடன் நம்மூரிற் செய்வினையை நினைப்போரும் உளர், அதுவன்று இது. மாத்தியமிக பௌத்தரின் சூனியக் கொள்கையைச் சிவஞான சித்தியார் பரபக்கம் மறுத்துரைப்பதை நம் சித்தாந்த மாணவர் அறிவர். மறுக்கப்பட்ட அக்கொள்கை வடக்கே சென்று, சீனங் கடந்து, ஒரு தீவின் கைப்போர்க்குப் பெயராயிற்று. பயிற்சிக்கூடத்தைக் குறிக்கும் 'டோஜோ' என்ற சொல்லும், புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் போதிமண்டம் என்னும் வடசொல்லின் சீன மொழிபெயர்ப்பிலிருந்து வந்ததே. முன்னர்க் கூறிய மெய்யான தொடர்பு இதுவாகும்.

ஆனால் 1936 எத்தகைய ஆண்டு என்பதையும் நினைக்கவேண்டும். அடுத்த ஆண்டில் யப்பான் சீனத்தின்மீது பெரும்போர் தொடுத்தது. சீனத்தின் பெயரைக் கலையினின்று களைந்தமைக்குத் தத்துவம் ஒரு காரணமாயின், அக்காலத்து நாட்டுவெறி மற்றொரு காரணம் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பல்கலைக்கழக மன்றங்களிற் பயிற்சி கடுமையாயிற்று. வெறுமை பயின்ற இளைஞர் துவக்கேந்திச் சென்றனர். கராத்தே பயின்றோன் முதலில் தாக்குவதில்லை என்பது புனகோஷி தம் மாணாக்கர்க்கு வகுத்த நெறிகளுள் ஒன்று. அந்நெறி அரசின் கையை நிறுத்தவில்லை. 1945இல் ஒக்கினாவாப் போரிலே அத்தீவு மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மாண்டனர். மியாகியின் முதன்மைச் சீடர் சின்சாத்தோ சின்ஆனும் அவ்வாண்டு போரிலே மாண்டார். தோக்கியோவில் எழுந்த புனகோஷியின் சோத்தோகான் கூடம் வான்குண்டு வீச்சில் எரிந்தது. கராத்தே பயின்றவன் தானாகவே நல்லவனாகின்றான் என்று விளம்பரஞ் செய்வோர் இவ்வரலாற்றைப் படிக்கவேண்டும். பயிற்சி ஒருவனுக்குத் தன் கையை ஆளும் வன்மையைத் தரும். எதற்காக ஆளவேண்டும் என்பதை வேறிடத்திலிருந்தும் அவன் கற்றாகவேண்டும். அதனாற்போலும் இக்கலையைத் தனியே விடாது பள்ளியோடும் கல்வியோடும் பிணைக்க அம்முதியோர் விரும்பினர்.

போருக்குப் பிந்திய பஞ்சகாலத்தில் நிகழ்ந்த ஒன்றைப் புனகோஷி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். எண்பதை அணுகிய வயதில் இரவில் தனியே நடந்து வந்தவரை வழிப்பறிகாரன் ஒருவன் மறித்தான். அவர் குனிந்து அவன் அடியைத் தப்பி, அவன் மெல்லிய உறுப்பைப் பற்றிக்கொண்டார். அவன் துடித்தான், ரோந்து வந்த காவலரிடம் ஒப்படைக்கப்பட்டான். பிறராயின் இதனைப் பெருமையாகச் சொல்லியிருப்பர். அவரோ, மாணாக்கர்க்குத் தாம் விலக்கியதைத் தாமே செய்துவிட்டதாக வெட்கினார். தாக்க வந்தவனைப் பிடித்தது எப்படிக் குற்றமாகும் என்று நாம் கேட்கலாம். சட்டம் அவரைக் குறை கூறாது. வேறு வழியில் விலகியிருக்கலாமோ என்ற ஐயம் அம்முதியவரை உறுத்திற்று. அறுபது ஆண்டுப் பயிற்சி அவருக்குத் தந்தது அந்த உறுத்தலே என நாம் கொள்வோம்.

போட்டியாக்குதலை அவர் விரும்பவில்லை. 1957 ஏப்ரிலில் அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே யப்பான் கராத்தேச் சங்கம் அகில யப்பான் போட்டியை நடத்தியது. பின்னர் உலகப் போட்டிகள் வந்தன. தோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கராத்தே 2024 பாரிஸ் விழாவில் இடம்பெறவில்லை. போட்டியால் தீமையே விளைந்தது என்றும் சொல்லற்கில்லை. 2021இல் ஆடவர் கத்தாவிற் பொன் வென்ற கியூனா ரியோ, ஒக்கினாவாவுக்கு முதல் ஒலிம்பிக் பொற்பதக்கம் கொணர்ந்தவர். பழைய கொல்லைப்புறப் பயிற்சியின் வழித்தோன்றலை உலகம் அன்று கண்டது.

இந்நாளிற் கராத்தே வகுப்புகள் நகர்தோறும் உள. பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோராகிய பழைய மாணவர் சிலர், எதைப் பார்த்து வகுப்பைத் தெரிவது என்று நம்மை வினவுவதுண்டு. சுவரிலே தொங்கும் சான்றிதழையும் அலுமாரியிலுள்ள கேடயங்களையும் முதலிற் பார்க்கவேண்டாம். கறுப்புப் பட்டி எத்தனை மாதத்திற் கிடைக்கும் என்றும் கேட்கவேண்டாம். அதன் முதற்றரத்துக்கு யப்பானியர் இட்ட பெயருக்கே தொடக்கப்படி என்பதுதான் பொருள். வகுப்பு முடிய அரைமணி நேரம் இருக்கையிற் சென்று ஓரமாக அமர்க. அப்போது எல்லோரும் களைத்திருப்பர். வளர்ந்த மாணவன் ஒருவனைச் சிறுவன் ஒருவனோடு எதிர்நிறுத்துவர். பெரியவனின் கை சிறுவன் முகத்தருகே வந்து எங்கே நிற்கின்றது என்று பார்க்க. அது நில்லாமற் சென்று இடிப்பதும், ஆசிரியர் அதனைக் கண்டும் காணாதவர்போல் இருப்பதும் நிகழுமாயின், பிள்ளையின் கையைப் பற்றி வீட்டுக்கு அழைத்து வந்துவிடுக.